குட்டிகளுக்கு எட்டாத தழை

ஆசிரின் வாய்க்குப் பூட்டுப் போட இதுவரை யாராலும் முடிந்ததில்லை. கட்டிய மனைவியாலும் ஆகவில்லை, ஆறு வருஷமாகச் சம்பளம் கொடுக்கிற துப்பறிவாளர் நிலோஃபராலும் ஆகவில்லை. அன்று காலை குப்பனூரில் எட்டு ஆட்டுக்குட்டிகள் அதைச் சாதித்துவிட்டன. பழனியம்மாளின் பட்டிப் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனதுமே அவை ஓடிவந்து பாலுக்காக அவன் முழங்காலை முட்டின. அவற்றின் தாயாடுகளும் சேர்த்துப் பதினான்கு உருப்படி முந்தைய நாள் விடிகாலையில் கால் இழுத்து விழுந்து, சாயங்காலத்துக்குள் ஒரே குழியில் மண்ணுக்குப் போயிருந்தன.

வழக்கு இவ்வளவுதான். பக்கத்துத் தோட்டத்துக் கருப்பண்ணன் மலைமேல் எஸ்டேட்டுக்குக் குட்டியானைச் சரக்கு வண்டி ஓட்டுகிறவன். தன் வாழைக் கன்றுகளைக் கடித்த ஆடுகள்மீது ஆத்திரம் வந்து, டீக்கடையில் இருபது பேர் காதுபட, "மொத்தத்துக்கும் மருந்து வெச்சுப்போடுவேன்" என்று கத்தியிருந்தான். பத்தாம் நாள் ஆடுகள் செத்தன. பழனியம்மாள் புகார் கொடுத்தாள். கருப்பண்ணனை ஸ்டேஷனில் உட்கார வைத்திருந்தார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குள் வேறு விளக்கம் வராவிட்டால் வழக்குப் பதிந்து ரிமாண்டுக்கு அனுப்புவதாக சப்-இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். கருப்பண்ணனின் மகள் பவித்ரா போனில் அழுத அழுகையில்தான் சேலத்திலிருந்து இவர்கள் இருவரும் கிளம்பி வந்தார்கள்.

"அந்தக் கருப்பண்ணன் மவதான உங்களைக் கூட்டியாந்தா? அவனுக்கு வக்காலத்து வாங்க வந்தீங்களா?" என்றாள் பழனியம்மாள். அறுபது வயதிலும் குரல் கணீரென்று இருந்தது. கண் மட்டும் முந்தின நாளிலிருந்து தூங்காத கண்.

"யாருக்கும் வக்காலத்து இல்லீங்கம்மா. ஆடு எப்படிச் செத்துச்சுன்னு பாத்துட்டுப் போயிடறேன்" என்றாள் நிலோஃபர்.

துப்பறிய வருமுன் ஒன்பது வருஷம் கால்நடை இன்சூரன்ஸ் விசாரணையில் இருந்தவள் அவள். செத்த மாட்டைப் பற்றியும் சாகாத மாட்டைப் பற்றியும் உரிமையாளர்கள் சொன்ன பொய்களைக் கேட்டுக் கேட்டு, எதையும் காதில் வாங்குமுன் கண்ணால் ஒரு சுற்று பார்த்துக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டது. தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தாள். முழங்கால் உயரம்கூட இல்லை. ஒரு கறுப்புக் குட்டி அதில் வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தது.

"நேத்தும் குட்டிக இதுலதான் குடிச்சுதுங்களா?"

"பின்ன? இந்த வெயிலுக்கு வேற ஏது தண்ணி?"

"தவிடு வெச்சீங்களா?"

"அந்தா அந்தச் சட்டியிலதான். குட்டிகளும் சேந்து நக்கும்."

ஆசிரின் வாய்ப்பூட்டு மெதுவாகக் கழன்றது. "மேடம், இது இளஞ்சோளம். மழையில்லாம வாடுன சோளப்பயிரைத் தின்னா மாடே சுருண்டு விழும். இல்லாட்டி மரவள்ளித் தழை. டாக்டருக்கும் எனக்கும் ஒரே வித்தியாசம், அவரு பட்டம் வாங்கியிருக்காரு."

"ஏஞ்சாமி, அது தெரியாமயா நாப்பது வருசமா ஆடு மேய்க்கறேன்?" என்று பழனியம்மாள் திரும்பினாள். "சோளக்காட்டுப் பக்கம் ஒரு ஆட்டை உட்டதில்ல. நாலு நாளா பட்டியை உட்டு ஒண்ணுகூட வெளிய போவல. போனா திங்கறதுக்கு என்ன இருக்குது? கல்லுதான் இருக்குது."

"பட்டம் போச்சு" என்று ஆசிர் தனக்குள் முனகிக்கொண்டான்.

செத்த ஆட்டை முந்தைய நாளே அறுத்துப் பார்த்த கால்நடை டாக்டர் வயிற்றில் தழைதான் இருந்தது என்று சொல்லியிருந்தார். பூச்சிமருந்து வாடை இல்லை. மற்றதெல்லாம் லேப் சொல்ல வேண்டும், மூன்று வாரம் ஆகும். ஆறு மணிக்கு இன்னும் ஒன்பது மணி நேரமே இருக்கிறவர்களுக்கு மூன்று வாரம் என்பது கண் கெட்டபின் சூரிய நமஸ்காரம்.

"ஆசிர், தொட்டி குட்டிக்கு எட்டுது. தவிடு எட்டுது. தரையில கெடக்கறது எல்லாம் எட்டுது. ஆனா ஒரு குட்டிகூடச் சாகலை. அப்ப குட்டிக்கு எட்டாதது இந்தப் பட்டியில என்ன இருக்கு?"

அவன் சுற்றிப் பார்த்தபடியே நடந்து, மார்பில் எதுவோ இடித்து நின்றான். இரண்டு கம்பங்களுக்கு நடுவே கட்டிய கயிறு. அதில் தழையெல்லாம் உருவப்பட்ட மொட்டைக் குச்சிகள் கட்டுக் கட்டாகத் தொங்கின. பெரிய ஆடுகள் பின்னங்கால் ஊன்றி எழும்பித் தின்கிற உயரம். "கிடைச்சிருச்சு மேடம். நெஞ்சுல அடிச்சுச் சொல்லுது."

"தழையைக் கீழ போட்டா மிதிச்சு வீணாக்கும். அதான் தொங்கக் கட்டறது" என்றாள் பழனியம்மாள்.

ஆசிர் பேச்சோடு பேச்சாக ஒரு குச்சியை ஒடித்து, காலையில் தின்ற வடையின் மிளகைப் பல்லிடுக்கிலிருந்து எடுக்கப் போனான். நிலோஃபர் பாய்ந்து அவன் கையில் அடித்தாள். குச்சி தெறித்து விழுந்தது.

"அந்தக் குச்சியை நல்லாப் பாரு. ஒரு கணுவுக்கு எத்தனை இலைத் தழும்பு?"

அவன் குனிந்து எண்ணினான். "மூணு. எல்லாக் கணுவிலயும் மூணு."

"பக்கத்துக் கட்டுல?"

"அதுல ஒண்ணொண்ணு."

"அது கல்யாண முருங்கை. காபித் தோட்டத்து நிழல் மரம். மூணு இலை விட்டாலும் காம்பு ஒண்ணுதான், அதனால தழும்பும் ஒண்ணு. ஆட்டுக்கு அல்வா மாதிரி. இந்தக் கடைசிக் கட்டுல இருக்கறது வேற. கோயில் வாசல்ல மாலையாத் தொங்கும்."

"அரளி!" ஆசிர் தன் பற்களை நாக்கால் தடவிப் பார்த்துக்கொண்டான். "ஆனா ஆடு அரளியைத் தொடாதே மேடம். பச்சைப் புள்ளைக்கும் தெரியுமே."

"பச்சையா இருந்தா தொடாது. கசக்கும். நாலு நாள் வெயில்ல வாடிச்சுன்னா கசப்பு அமுங்கிப்போயிடும், விஷம் அமுங்காது. பசிச்ச ஆட்டுக்கு அது வெறும் காஞ்ச தழைதான்." நிலோஃபர் பழனியம்மாளிடம் திரும்பினாள். "இந்தத் தழை எங்கிருந்து வந்துச்சுங்கம்மா?"

"படல்கிட்டக் கெடந்துச்சு. மேல எஸ்டேட்டுல மரத்தைக் கவாத்து அடிச்சுக் கெளை வெட்டறாங்கல்ல? எறங்கற வண்டிக போற போக்குல பட்டிக்கு ரெண்டு கட்டுப் போட்டுட்டுப் போவும். யாரு என்னன்னு யாரும் கேக்கறதில்ல. வருசா வருசம் கோடையில அதுலதான் ஆடு பொழைக்குது."

"கட்டும்போது என்ன தழைன்னு பாத்தீங்களா?"

பழனியம்மாள் ஒரு குட்டியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். "விடியக்காலம் நாலரை மணி கண்ணு. இருட்டுல என்னத்தைப் பாக்கறது?"

குச்சிகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். காரில் ஏறும்வரை ஆசிர் பொறுத்தான். ஏறியதும் கேட்டான்: "எஸ்டேட்டுல இருந்து எறங்கற வண்டி. கருப்பண்ணன் ஓட்டறதும் எஸ்டேட்டுல இருந்து எறங்கற வண்டி. நாம யாருக்காக வந்தோம்னு எனக்கு ஒரு சந்தேகம்."

"எனக்கும்தான். ஏறு மேல."

குப்பனூர்ப் பாதை ஏற்காட்டுக்குப் போகிற இரண்டாவது பாதை. அகலத்தில் அது முதலாவதுக்குத் தம்பி, வளைவில் அண்ணன். கீழே கருகிக் கிடந்த காடு மேலே போகப் போகப் பச்சை கட்டியது. பாதி வழியில் பவித்ரா போன் செய்தாள். ஆசிர் ஸ்பீக்கரில் போட்டான்.

"மேடம், ஏதாச்சும் தெரிஞ்சுதுங்களா? அப்பா நேத்துல இருந்து வாயே தொறக்க மாட்டேங்கறாருங்க. சாப்பாட்டைத் தொடலைங்க. எஸ்.ஐ. சார் எத்தனை தடவை கேட்டாலும் தலையைக் குனிஞ்சுக்கறாரு. நொம்ப பயமா இருக்குதுங்க."

"பொழுதோட வந்துடறோம் பவித்ரா. தைரியமா இரு." போனை வைத்ததும் நிலோஃபர் கேட்டாள்: "ஆசிர், தப்பே பண்ணாதவனைப் பிடிச்சு உட்கார வெச்சா முதல்ல என்ன சொல்லுவான்?"

"நான் பண்ணலைம்பான். நானெல்லாம் பண்ணியிருந்தாலும் அதைத்தான் சொல்லுவேன்."

"கருப்பண்ணன் இன்னும் அதைச் சொல்லலை."

ஆசிர் கியரைக் குறைத்து அடுத்த வளைவை எடுத்தான்.

செம்மநத்தம் தாண்டி, கருப்பண்ணன் வண்டி ஓட்டுகிற எஸ்டேட்டில், கணக்கு எழுதும் ரைட்டர் ஜீவானந்தம் காபிக் கிடங்கு வாசலில் நின்றிருந்தார். ஐம்பது வயது, சட்டைப் பையில் இரண்டு பேனா. விஷயத்தை இன்னும் கேள்விப்படவில்லை. இரண்டு நாளாக எஸ்டேட்டில் சிக்னல் இல்லை என்றார். ஆடுகள் செத்ததை நிலோஃபர் சொல்லவில்லை. தழையைப் பற்றி மட்டும் கேட்டாள்.

"ஆமாங்க, கருப்பண்ணன்தான் ஏத்திட்டுப் போனாப்ல. மழைக்கு முன்னால நிழல் மரத்தைக் கவாத்து பண்ணியாகணும். கீழ பட்டிக்காரங்க தழைக்கு அலையறாங்க. எறங்கற வண்டியை நாங்க வெறுமனே உடறதில்லைங்க." அவர் சிரித்தார். "இந்தத் தடவை ஆளே வந்து நின்னு, 'ரைட்டரே, நாலு கட்டு சேத்திக் குடுங்க, பழனியம்மா பட்டிக்கு'ன்னாப்ல. ஏப்பா, அந்தம்மாவோடதான் சண்டையாமேன்னு கேட்டேன். 'சண்டைதானுங்க, ஆட்டைப் பாத்தா எலும்பும் தோலுமா நிக்குது, சோறு எறங்க மாட்டேங்குது. நான் குடுத்தேன்னு தெரிஞ்சா அக்கா தழையைத் தீ வெச்சுப்போடும். யாருகிட்டயும் சொல்லிறாதீங்க'ன்னாப்ல. நல்ல மனுசனுங்க. வாய்தான் கொஞ்சம் நீளம்."

ஆசிர் நிலோஃபரைப் பார்த்தான். அவள் பையைத் திறந்து மூன்று தழும்புக் குச்சியை எடுத்து நீட்டினாள். "இது எப்படிங்க அந்தத் தழையோட வந்துச்சு?"

"அரளிங்களா? பங்களா வேலியை அன்னைக்குத்தான் வெட்டினாங்க. லோடு மேல ரெண்டு அடுக்கு அரளியைப் போட்டு மூடறது எங்க வழக்கமுங்க. இல்லாட்டி வண்டி நிக்கற இடத்துலயெல்லாம் ஆடும் மாடும் ஏறித் தின்னுப்போடும். அரளி மேல கெடந்தா ஒண்ணும் வாய் வெக்காது. கீழ போனதும் எடுத்து வீசிருவாங்க. நான் வேலைக்குச் சேந்ததுல இருந்து இப்படித்தான்."

"எந்தக் கிழமை ஏத்தினாரு?"

"வெள்ளிக்கிழமை. ஆனா பாருங்க, ஒம்பதாவது வளைவுல கியர்பாக்ஸ் போயிருச்சு. சேலத்துல இருந்து சாமான் வந்து சரி பண்ண நாலு நாள். வெயில்லயே நின்னுது வண்டி. செவ்வாய்க்கிழமை ராத்திரிதான் எறக்கினாப்ல. பாவம், தழையெல்லாம் வாடியிருக்கும்."

அப்போதுதான் நிலோஃபர் அவரிடம் ஆடுகளைப் பற்றிச் சொன்னாள். ஜீவானந்தத்தின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்று, பிறகு மெல்ல மெல்லப் போயிற்று. அவர் கிடங்குப் படியில் உட்கார்ந்துவிட்டார். "மூடச் சொன்னதே நான்தானுங்களே" என்று மட்டும் சொன்னார். எழுதித் தரக் கேட்டதும் நடந்ததை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இரண்டு பேனாவில் எதை எடுப்பது என்று தெரியாமல் இரண்டையும் கையில் எடுத்திருந்தார்.

இறங்கும்போது ஆசிருக்கு மனசு தாங்கவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. காப்பாற்ற வந்த ஆளின் கழுத்துக்கே கயிறு கிடைத்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்தது தன் பல்லிடுக்கு மிளகு என்பதை நினைத்தால் அவனுக்கு அழுகைதான் வந்தது.

"மேடம், மருந்து வெப்பேன்னு இருபது பேர் முன்னால சொன்னவன், ராத்திரி ஒளிஞ்சு வந்து அரளியைப் போட்டிருக்கான். இரக்கப்பட்டுப் போட்டான்னு எந்தப் போலீஸ் நம்பும்? ரைட்டர் காயிதம் எழுதினாலும், கூட்டாளி எழுதிக் குடுத்ததும்பாங்க." அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கொஞ்சம் தயங்கினான். "அந்தக் குச்சிப் பை ஜன்னல் வழியாத் தவறி விழுந்துச்சுன்னா யாருக்கு என்ன தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்" என்றாள் நிலோஃபர். கோபமாகச் சொல்லவில்லை. "அதுவுமில்லாம அந்தப் பையில இன்னொரு ஆளோட கதையும் இருக்கு. நேரா பட்டிக்குப் போ."

பட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது நாலே முக்கால். பழனியம்மாள் ஒரு பீடிங் பாட்டிலில் பால் ஊற்றி ஒவ்வொரு குட்டியாகப் புகட்டிக்கொண்டிருந்தாள். நிலோஃபர் அவள் எதிரில் தரையிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். கருப்பண்ணன் கேட்டு வாங்கிய நாலு கட்டு, மேலே மூடிய அரளி, வெயிலில் நின்ற வண்டி, தீ வைத்துவிடுவாள் என்ற பயம். பழனியம்மாள் அடுத்த குட்டியை இழுத்து அதன் வாயில் பாட்டிலை வைத்தாள். ஆசிர் எதிர்பார்த்த அழுகையும் இல்லை, ஆத்திரமும் இல்லை. அதுதான் அவனுக்கு விசித்திரமாக இருந்தது.

"இன்னும் ஒண்ணு இருக்குங்கம்மா" என்று நிலோஃபர் எழுந்து கயிற்றருகே போனாள். "கல்யாண முருங்கை எல்லாம் இந்தப் பக்கம், வந்த நார்லயே கட்டியிருக்கு. அரளி மட்டும் மேற்கு ஓரத்துல, தனியா, சாக்குக் கயித்துல கட்டியிருக்கு. ஒரு முருங்கைக் குச்சிகூட அதுல கலக்கலை. இருட்டுல என்னத்தைப் பாக்கறதுன்னு காலையில சொன்னீங்க. பாக்காம இப்படிப் பிரிச்சுக் கட்ட முடியாதுங்கம்மா."

பாட்டில் பழனியம்மாள் கையிலிருந்து நழுவியது. குட்டி அதைத் தேடிக் கத்தியது.

"பாத்தேன் கண்ணு" என்றாள், மேற்குக் கம்பத்தைப் பார்த்தபடி. "டார்ச் அடிச்சுத்தான் பிரிச்சேன். அரளின்னு நல்லாத் தெரியும். மத்தியானத்துக்கு மேல வெயிலு அந்தப் பக்கமாத்தான் குட்டிக மேல உழும். மறைப்பா இருக்கட்டும்னு தொங்க உட்டேன். ஆடுதான் அரளியைத் தொடாதேன்னு..." தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். "என்ற கையால கட்டினேன். டீ வெச்சுக் குடிச்சுப்போட்டு வாரதுக்குள்ள எல்லாம் கெடக்குது. பாத்த உடனே வெளங்கிருச்சு. ஊரே ஓடிவந்து கருப்பண்ணன்தான், கருப்பண்ணன்தான்னுச்சு. ஆமான்னுட்டேன். நான்னு சொல்ல வாய் வரலை. அவன் வெச்சான்னா நான் அழுவலாம். நான் வெச்சேன்னா எப்படிக் கண்ணு அழுவறது?"

ஆசிர் கீழே கிடந்த பாட்டிலை எடுத்துத் துடைத்து, கத்திக்கொண்டிருந்த குட்டியின் வாயில் வைத்தான். வேறு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. அந்தம்மாவின்மேல் கோபப்படவும் அவனால் ஆகவில்லை.

பழனியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "வண்டியை எடு சாமி. ஆறு மணின்னு சொன்னாங்கல்ல?"

ஸ்டேஷனில் கருப்பண்ணன் பெஞ்சின் ஓரத்தில் குனிந்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் பவித்ரா. சப்-இன்ஸ்பெக்டர் தமிழ்செல்வன் எஸ்டேட் ரைட்டரின் தாளை இரண்டு தரம் படித்தார். படித்துவிட்டு, "இதுல தெரியறது ஒண்ணுதாங்க. தழையைப் போட்டது இவருதான்" என்றார்.

"போட்டது அவன். கட்டுனது நானுங்க" என்றாள் பழனியம்மாள். "அரளின்னு தெரிஞ்சேதான் கட்டினேன். என்ற பேருல எழுதிக்கங்க. அவனை ஊட்டுக்கு அனுப்புங்க."

நேற்றிலிருந்து வாய் திறக்காத கருப்பண்ணன் துள்ளி எழுந்தான். "இல்லீங்கய்யா! அக்கா ஆத்தாமைல சொல்லுதுங்க. அரளியை எடுத்து வீசியிருக்கோணும். இருட்டுல அக்கா முழிச்சுக்குமோன்னு பயந்து அப்படியே தள்ளிப்போட்டு ஓடியாந்துட்டேன். செத்துச்சுன்னு கேட்டப்பவே தெரிஞ்சுபோச்சுங்க. நான்தானுங்க கொன்னேன்."

தமிழ்செல்வன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பேனாவை மூடி வைத்தார். "நான் பண்ணலைன்னு சண்டை போடறவங்களைத்தான் இத்தனை வருஷமாப் பாத்திருக்கேன்" என்றார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, புகாரைத் திரும்பப் பெறுவதாகப் பழனியம்மாளை எழுதச் சொன்னார். அவள் சொல்லச் சொல்ல நிலோஃபர் எழுதினாள். பழனியம்மாள் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். பவித்ரா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள்.

வாசலுக்கு வந்ததும் பழனியம்மாள் நின்றாள். பின்னாலேயே கருப்பண்ணனும் நின்றான்.

"ஒரு சத்தம் குடுத்திருக்கலாமேடா" என்றாள் அவள், திரும்பாமலே. "அக்கா, தழை கொண்டாந்திருக்கேன்னு ஒரு வார்த்தை. லைட்டைப் போட்டுட்டு வந்திருப்பேன். ரெண்டு பேருமா எறக்கியிருப்போம். அரளி எதுக்குடான்னு கேட்டிருப்பேன், ரோட்டுல வீசுன்னு சொல்லியிருப்பேன்."

கருப்பண்ணன் தலை நிமிரவில்லை. "நான்னு தெரிஞ்சா வாங்கியிருக்க மாட்டீங்கக்கா."

வாங்கியிருப்பேன் என்று சொல்லிவிடு தாயே என்று ஆசிரின் மனசு வேண்டியது. பழனியம்மாள் நன்றாக யோசித்தாள். பொய் சொல்ல இஷ்டமில்லாதவர்கள் யோசிக்கிற மாதிரி யோசித்தாள்.

"ஆமா" என்றாள். "வாங்கியிருக்க மாட்டேன். எடுத்துட்டுப் போடான்னிருப்பேன். பதினாலும் பசியோட நின்னிருக்கும்."

படி இறங்கும்போது அவளுக்குக் கால் தடுக்கியது. கருப்பண்ணன் கை நீட்டினான். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"நின்னிருக்கும்டா" என்றாள்.